வாயசைவு

ஐம்பத்திரண்டு வாரம்
அகாமினே தொமிசோவின் தமிழ் வாய் நான்தான்.
வியாழன் இரவு ஹட்டனில் மெயில் ஏறி
விடிய மருதானையில் இறங்கி
கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று
அவர் உதடு திறக்கும்போது திறந்து
மூடும்போது மூடி
அத்தியாயத்துக்கு நூற்றெழுபத்தைந்து ரூபாய்.
இருமலுக்குத் தனிக்காசு கிடையாது.

நாடாக்களோடு தூதரகத்திலிருந்து
அவர் வாழ்க்கையும் வந்திருந்தது, இரண்டு பக்கம்.
வடக்குத் தீவில் நிலக்கரிச் சுரங்க ஊர்.
உள்ளே போன அப்பா ஒருநாள் மேலே வரவில்லை.
பத்தொன்பது வயதில் தோக்கியோ.
முதல் படத்தில் பிணம்.
இரண்டாவதில் குடை பிடிப்பவர்,
குடை மட்டும் தெரிந்ததாம்.
மூன்றாவதில் ஒரு வரி கொடுத்தார்கள்:
“ரயில் போய்விட்டது.”
பதினான்கு தடவை எடுத்தும் சரிவரவில்லை.
அந்த ஒற்றை வரிக்குள்ளும் சுரங்க ஊர்ப் பேச்சு
நகக்கண் கரிபோல ஒட்டிக் கிடந்ததாம்.
பிறகு மூன்று வருஷம்
நாக்கைக் கழுவினார் என்று எழுதியிருந்தது.
அந்த இடத்தை இரண்டுதரம் வாசித்தேன்.

அன்று காலைதான்
தயாரிப்பாளர் கண்ணாடியைத் தட்டி,
“தம்பி, ‘வந்திருச்சு’ வேணாம், ‘வந்துவிட்டது.’
பேசுறது ஸ்டேஷன் மாஸ்டர்.
பெரட்டுக் களத்தில பேர் கூப்பிடுற மாதிரி இருக்கு” என்றார்.
பொகவந்தலாவையை எச்சிலோடு விழுங்கிவிட்டு
மறுபடி பேசினேன்.
வந்துவிட்டது.

ஞாயிறு மாலை எங்கள் லயத்தில்
பதினொரு காம்பராவுக்கு ஒரு டீவி,
கார் பேட்டரியில் ஓடும்.
முழங்கால் பனியில் நின்று தொமிசோ கொடியசைத்தால்
“ஐயோ, நேசராஜாவுக்குக் குளிருமே” என்பாள் பேச்சாயி,
என் முகத்துக்கு நேரே,
நான் அவள் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருக்கையில்.

மருதானைத் தடுப்பில் ஒருமுறை
என்ன வேலை என்று கேட்டார்கள்.
ஜப்பான்காரர் ஒருவருக்குக் குரல் என்றேன்.
அதற்குப் பிறகு பொலிஸ் வாங்கில் இருந்தேன்,
பசிக்கும்வரை, பசி போகும்வரை.
நள்ளிரவில் ஒரு சார்ஜன்ட் வந்து
பேசிக் காட்டு என்றார், சிங்களத்தில்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.
“ரயில் போய்விட்டது” என்றேன்.
நிஜமாகவே போய்விட்டிருந்தது.

தொடர் முடிந்தது. அவர் முடியவில்லை.
வைத்தியராக ஒன்பது வருஷம்,
நீதிபதியாக நாலு,
வயிற்று மாத்திரை விளம்பரத்தில்
வலியில்லாத ஒரு மனிதராக
எத்தனையோ வருஷம்.
வேலை இல்லையென்று சொன்னதே இல்லையாம்.
நான் ஹட்டன் பஸ் நிலையத்தில்
போட்டோக்கொப்பிக் கடை போட்டேன்.
அடையாள அட்டை, மரணச் சான்றிதழ்,
இரண்டு பக்கம் என்றால் பதினாறு ரூபாய்.

பிறகு அவருக்குத் தொண்டையில் கத்தி வைத்தார்கள்.
கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது:
“உங்கட ஆள்ட புதுத் தொடர் போடுறம்,
நீர் வரத் தேவையில்ல. வெளிச்சவீட்டுக்காரர்.
ஒரு வார்த்தையும் பேசமாட்டார்.”
சரி என்றேன்.
யாருக்கோ நிறம் மாறாமல்
பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு. அப்போதும் பேட்டரிதான்.
எண்ணெய்த் தகரத்தோடு
சுழல் படியில் ஏறுகிறார்.
நரைத்திருந்தது. இடது கால் இழுத்தது.
மூச்சு வாங்கிற்று.
அதை அவர்கள் அப்படியே விட்டிருந்தார்கள்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மங்களேஸ்வரி
கத்தியை நிறுத்தினாள்.
“ஏங்க, இது ஒங்க மூச்சு இல்லையே.”
“அவரோடது.”
“அப்ப அந்த ஐம்பத்திரண்டு வாரமும்?”
நான் பதில் சொல்லவில்லை.
காதுக்கருவியில் அதை அறிவேன் நான்,
அடியில் எங்கோ சரளை உருளும் அந்த இழுப்பை.
கழுவாமல் விட்டது அது ஒன்றுதான்.
ஒவ்வொரு வாரமும் அதன்மேல்
என் சுத்தமான மூச்சை வைத்துப் பூசினேன்.

பேட்டரி இறங்கத் தொடங்கியது.
படம் நாலு பக்கமும் சுருங்கி
தீப்பெட்டி அளவானது, பொட்டானது.
சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தது.
யாரும் எழுந்துபோகவில்லை.
அவர் ஏறிக்கொண்டிருந்தார்.