பாலம் சுற்றி

முட்டத்தில் சின்னவள் வாந்தி எடுத்தாள்,
மண்டைக்காட்டில் மறுபடியும்.
குளச்சல்வரை கடல் என் ஜன்னல் பக்கமே வந்தது,
வசதியாய்ப் போயிற்று,
ரெஜினைப் பார்க்காமல் இருக்க.

சண்டை என்று சொல்ல முடியாது.
மஸ்கட் இன்னும் ரெண்டு வருஷம் என்பதை
பெட்ரோல் பங்கில்
டயருக்குக் காற்றடிக்கும்போது சொன்னார்.

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில்
பிள்ளைகளுக்கு வள்ளம் வேண்டும்.
கார் ஏறுகிற வள்ளமா அது?
"நீங்க போங்க. நான் பாலம் சுற்றி வாறேன்."

ஒரு சைக்கிள், ரெண்டு மீன்சருவம், நாங்கள்.
கழை ஊன்றியதும் கரை நழுவியது.
தண்ணீர் இனிப்பா உப்பா என்று
அபிஷ் விரலை நக்கிவிட்டு
"ரெண்டும்" என்றான்.

நடுவில் திரும்பினேன்.
கார் கிளம்பவில்லை.
கதவைத் திறந்துபோட்டு
இடுப்பில் கைவைத்து நிற்கிறார்,
என் சுண்டுவிரல் நகமளவு.

"அப்பா ஏன் இன்னும் போகல்ல?"
"நாம இறங்கட்டும்னு."
சொன்ன பிறகுதான்
எனக்கே அது கேட்டது.

இறங்கினோம்.
அக்கரையில் கதவு சாத்தியது, சத்தம் வரவில்லை.
பாலம் சுற்ற எவ்வளவு நேரமாகும் என்றேன்.
"அரை மணிக்கூறு" என்றார் வள்ளக்காரர்,
சைக்கிளைத் தூக்கி இறக்கியபடி.

பெட்டிக்கடையில்
நாலு நன்னாரி சர்பத் சொன்னேன்,
ஒன்றை மட்டும்
அரை மணிக்கூறு கழித்துக் கலக்கும்படி.