நாற்பத்தெட்டு பவுண்டு

மூன்று பந்துகள்.
மூன்றும் பின்கோட்டுக்கு அப்பால்
ஒரு சாண்,
ஒரு சாண்,
கடைசியில் நாலே விரல்.
அந்த நாலு விரலில் போனது கோப்பை.
காட்பாடி வேதவல்லி
ரயிலில் டிக்கெட் கேட்கும் அதே கையை நீட்டி
குலுக்கிவிட்டுப் போனாள்.

அடியில் தப்பில்லை.
நான் கொடுத்ததோடு
நரம்பு தன் பங்குக்கு
ஒரு கைப்பிடி கொசுறு போட்டிருந்தது.
கத்தரிக்காய்க்குக் கொசுறு கேட்பேன்.
பேக்ஹேண்டுக்கு வேண்டாம்.

ராணிப்பேட்டையில்
தோலை இழுத்துப் பார்ப்பது என் பிழைப்பு.
இரண்டு இரும்புத் தாடைக்கு நடுவில் ஒரு பட்டை.
எவ்வளவு நீண்டது, எதில் கிழிந்தது
எழுதி, கீழே
தஹ்சீன் பானு என்று கையெழுத்து.
நீளுகிற பொருள் மன்னிக்கும்.
நீளாதது
நீ செய்ததை உன்னிடமே காட்டும்.

பாகாயத்தில் எபனேசரின் மாடி அறை.
பகலெல்லாம் செயற்கைக் கால் செய்கிறவர்,
ராத்திரி ராக்கெட் கட்டுகிறார்.
ஆணியில் தொங்கும் துண்டுகளை
ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன்.
ஐந்து முனை வைத்த கறுப்பு
பந்தைக் கடிக்கும் என்றார்.
கடி என் மணிக்கட்டில் இருக்கிறது, போதும்.
முறுக்கியது வேண்டாம்.
மீன்பிடி நூல் மாதிரி இருந்த மஞ்சளும் வேண்டாம்.
உருண்டை, வழவழ, சாம்பல் நிறம்,
ஒன்று புள்ளி இரண்டு ஐந்து,
நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கிறது.
இது.

"பாலியஸ்டர்ங்க. முழங்கை கேக்கும் அப்புறம்."
கேட்கட்டும். தினம் ஆறு மணிக்குக் கேட்கிறதுதான்.
"பழசுல அம்பத்தஞ்சு போட்டிருந்தீங்க."
நாற்பத்தெட்டு.
"குறுக்குல?"
நாற்பத்தாறு.
அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்,
அளவெடுக்கிற மாதிரி.
பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பாவு பதினாறு.
ஊடு பத்தொன்பது.
பதினொன்றாம் ஊட்டில் கரண்ட் போனது.
மே மாசத்து வேலூர் அப்படியே அறைக்குள் வந்து உட்கார்ந்தது.
மெஷின் நிற்கவில்லை,
அது எடைக்கல் தொங்குகிற பழைய ரகம்.
நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன்.
மேலே ஒன்று, கீழே ஒன்று
அவர் விரல்
இருட்டிலும் கணக்குத் தவறவில்லை.

"ஒண்ணு சொல்றேன். இது அறுந்து போவாது.
அதான் தொல்லையே.
செத்துப் போயிருக்கும், தெரியாம ஆடினே இருப்பீங்க.
பன்னெண்டு மணி நேரம். அதுக்கு மேல
நல்லா இருந்தாலும் வெட்டிடுங்க.
ஸ்கூட்டர் டிக்கியில மட்டும் வெச்சுடாதீங்க,
இந்த வெயிலுக்கு ஒரே மத்தியானம் போதும்."

தெரியும்.
இழுத்துப் பிடித்த பட்டை
ஒரு மணி நேரத்தில் உள்ளுக்குள் விட்டுக்கொடுத்துவிடும்.
வெளியே ஒரு கீறல் இருக்காது.
முள் மட்டும் இறங்கும்.
எங்கள் பதிவேட்டில் அதற்கென்று கட்டம் இல்லை,
ஓரத்தில் பென்சிலால் குறிப்பேன்,
மேலதிகாரி அழித்துவிடுவார்.

ஞாயிறு, காந்தி நகர் கோர்ட்.
வேதவல்லி சர்வ்.
முழு வீச்சில் திருப்பினேன்.
மரக்கட்டையில் பட்ட சத்தம்.
பந்து
கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேயே விழுந்து
அவளுக்கு வாகாக எழும்பியது.
அடித்தாள். சரிதான்.
அடுத்ததும் ஒரு சாண் குறைவு.
அதற்கடுத்ததும்.
கொசுறு நின்றதும்தான் தெரிகிறது
இத்தனை வருஷம்
என் ஆட்டத்தில் எனது எவ்வளவு என்று.

முதல் செட் போனது.
தண்ணீர் குடித்தேன். முழங்கை முணுமுணுத்தது.
நரம்பை விரலால் தட்டினேன்,
ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாது, அதற்காகத்தான் வாங்கினேன்.

இரண்டாவதில்
இடுப்பிலிருந்து கொஞ்சம் கூடக் கொடுத்தேன்.
பின்கோட்டில் சுண்ணாம்பு பறந்தது.

வேதவல்லி குனிந்து தடத்தைப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு உள்ளங்கையைத்
தரை நோக்கிக் கவிழ்த்தாள்.