நுனிக்கருகல்

முதலில் ஒரு கொப்பு.
மழை விட்டிருந்த மார்கழிக் கிழமையில்
றோசாவின் உச்சி
எரிந்த தீக்குச்சி போலக் கறுத்தது.
வெயில் என்றேன். மல்லாவியில்
எதற்கும் வெயிலைச் சொல்லலாம்,
மார்கழியிலும் சொல்லலாம்.

பிறகு வெட்சி. பிறகு வாசலோரக் குறோட்டன்.
கறுப்பு மேலிருந்து இறங்கியது
அவசரமில்லாமல்,
வாடகை வாங்க வருகிறவரைப் போல.

குலேந்திரன் நெல்லுக்கு அடித்த மிச்சத்தோடு வந்தார்.
போத்தலில் பெயர் கிழிந்திருந்தது.
"எதுக்கும் கேக்கும்."
எதற்கும் கேட்கும் மருந்தை
ஆஸ்பத்திரியில் நாங்கள்
ஒருவருக்கும் கொடுப்பதில்லை.

வெட்டிப் பார்த்தேன்.
உள்ளே வெறுந்தேத்தண்ணி நிறம்.
ஒரு விரற்கடை கீழே
அதே தேத்தண்ணி, கொஞ்சம் பால் விட்டது.
இன்னும் கீழே
பச்சை விளிம்பு, வெள்ளை நடு.
அங்கே நிறுத்தினேன்.

கத்தரிக்கோலைத் திருப்பும்போதுதான் கண்டேன்.
அலகின் இடுக்கில் காய்ந்த பிசின்,
எத்தனை மாதத்ததோ.
வெள்ளிதோறும் சாமிப் படத்துக்கு றோசா,
பிறகு வெட்சி,
கடைசியாகச் சாடிக்குக் குறோட்டன்
என்று போய் வந்த கோல்.
நோய் நடந்த வழியும் அதுதான்.

புண்ணுக்குப் புண் இடுக்கி மாற்றுகிறவள் நான்,
பத்தொன்பது வருஷமாக மருந்து கட்டுகிறவள்.
கையுறை மாற்றாத பயிற்சிப் பிள்ளை ஒருத்தியை
மத்தியானம் வரை அழவைத்தவள்.

வெட்டியதை எருக்குழியில் போடாமல் எரித்தேன்.
ஈரக் கொப்பு புகைந்தது, எரியவில்லை.
மண்ணெண்ணெய் விட வேண்டியிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது,
ஐப்பசியில் இந்தக் கோலைப்
பத்மலோஜினி இரவல் வாங்கியது.
மகளின் சாமத்தியவீட்டுக்காக
அவள் வேலி நீளத்துக்கும் வெட்சி வைத்திருந்தாள்.

ஸ்பிரிட் போத்தலோடு படலையைத் திறந்தேன்.
சொல்ல எடுத்துவைத்த வசனம்
பாதி வழியிலேயே குழம்பிப்போனது.
அவள் என் கையைப் பார்த்தாள்,
கோலைப் பார்த்தாள்.
"அக்கா, என்ர செடி அதுக்கு முன்னமே கறுத்துப்போச்சு.
உங்கட கோலைக் கழுவாமத் தந்திட்டன்.
ரெண்டு மாசமா
உங்கட வாசல் பக்கம் பாக்காமத்தான் போய் வந்தனான்."

எந்தக் கொப்பில் தொடங்கியதென்று
செடிகளுக்கும் தெரிந்திருக்காது.
ஒருத்தி வெட்ட ஒருத்தி துடைத்தோம்,
ஒவ்வொரு வெட்டுக்கும்.
வேலி இருட்டுப்பட்டுத்தான் முடிந்தது.
பின்னேரம் செடிக்கு மேலே தண்ணி ஊத்தாதே,
விடிய அடியில் ஊத்து என்றேன்.
அதையாவது தெரிந்தவள் போலச் சொன்னேன்.

தை ஒன்பதாம் நாள்
மொட்டைத் தண்டில் கடுகளவு சிவப்பு.
தளிரும் சிவப்பாய்த்தான் வரும்.
கறுப்புக்கு முந்திய நிறமும் அதுதான்.
கோலைத் துடைத்து
எட்டும் உயரத்தில் கொழுவியிருக்கிறேன்.