ஐந்தாவது கோடு

குருநகர் ஐஸ் ஆலைக்குப் பின்னால் ஆறு அறை விடுதி.
சாவியும் கணக்கும் என்னிடம்.
வெளிநாட்டார் வந்தால் பொலிசுக்கு ஒரு படிவம்;
நாடு என்ற கட்டத்தைக் கணினி தானே நிரப்பும்.

மூன்றாம் அறை: சென் குவோபின், ஜாங்ஜோ ஊர்,
ஆலைக்குக் கொம்பிரசர் பூட்ட வந்தவர்.
ஐந்தாம் அறை: லின் யூ-ஹுவா, தைனான்,
களப்பில் வலசைப் பறவைகளை எண்ண வந்தவள்.
அவளுக்குக் கணினி தந்த வரி
'தாய்வான், சீனாவின் மாகாணம்.'
என் பேனையை வாங்கி
கமாவுக்குப் பிறகு இருந்ததை வெட்டினாள்.
கோபமில்லை.
மீனுக்குச் செட்டை அரிகிற பழகின கை.

மூன்று நாள் ஒரே மேசை, இரண்டு கரை.

நாலாம் இரவு கரண்ட் போனது.
"எங்கட ஊரில் பத்து வருசமாய்
ஒருநாளும் நின்றதில்லை" என்றார் சென்,
அரைகுறை இங்கிலிசில், பெருமையை மறைக்காமல்.
யாரும் மறுக்கவில்லை. இருட்டு அவர் பக்கம்.
எமில்டா நண்டுச் சட்டியை இறக்கினாள்.
அவர் வாய்க்குள் எதையோ சொன்னார், பழக்கத்தில்:
சியா பா புவே?
லின் கரண்டியைக் கீழே வைத்தாள்.
அது அவளுடைய சந்தைத் தெருவின் பேச்சு.
நூறு மைல் கடலுக்கு இரு கரையிலும்
சாப்பிட்டாச்சோ என்பதற்கு ஒரே சொல்.
எனக்கு இது புதுசில்லை.
கோடிக்கரை எங்களுக்கு இதைவிடக் கிட்ட.

பிறகு கதை வந்தது.
அவருடைய பெரிய தாத்தா
உப்பு வாங்கப் போனவர், ஒரு கப்பலில் ஏற்றப்பட்டார்.
முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு
அந்தக் கரையிலிருந்து முதல் கடிதம்.
அதில் கேட்டிருந்தது: நாய் இருக்கிறதா?

மெழுகுதிரி வெளிச்சத்தில் அவளது பறவைக் கொப்பி.
ஐந்து கோட்டில் ஓர் எழுத்து, நிரை நிரையாய்.
"போல்ட்டுகளை நானும் இப்படித்தான் எண்ணுவது."
"நாங்கள் வாக்குகளை" என்றாள்.

பள்ளிக்கூட வகுப்பறையாம். கதவு திறந்திருக்குமாம்.
யாரும் போய் நிற்கலாம்,
பின்னேரம் மரக்கறிப் பையோடும்.
ஒவ்வொரு சீட்டாய்த் தூக்கிக் காட்டி
பெயரைக் கூவ,
சுவர்த் தாளில் ஒரு கோடு விழும்.
ஐந்து சேர்ந்தால் எழுத்து முடியும்.
அதன் பொருள், நேர்.

எங்கள் பெட்டிகள் லொறியில் மத்திய கல்லூரிக்குப் போகும்.
விடியப்புறம் றேடியோவில் எண் வரும்.
போகவேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு வருசம்
மையில்லாத விரலோடு நாள் முழுக்கக்
கோழிக்குத் தீன் போட்டேன்.
இதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

சென் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.
பிறகு அதன்மேல் துவாயை வைத்தார்.
அந்தக் கையசைவை எனக்கு
யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.
"தோற்ற ஆட்கள்," என்றார், "அடுத்த நாள் எங்கே போவார்கள்?"
"வீட்டுக்கு. அழுவார்கள். பிறகு கடை திறப்பார்கள்."
"வீட்டுக்கா?"
"வீட்டுக்கு."
ஒரு நண்டுக் காலை அவர்
நெடுநேரம் உடைக்காமல் வைத்திருந்தார்.

அவளும் பயமில்லாதவள் இல்லை.
கட்டிலடியில் ஒரு முதுகுப்பை:
தண்ணி, டோர்ச், பாஸ்போர்ட், தைத்து மூடிய காசு.
வீட்டு வாசலிலும் இதே மாதிரி ஒன்று இருக்காம்.
தம்பி படைப் பயிற்சியில்.
பலாலிக்கு விமானம் இறங்கினால்
பேச்சை நிறுத்தி, சத்தம் போகும்வரை நிற்பாள்.
நானும் நிற்பேன்.
ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம்.

விடிய சென் கொழும்பு பஸ்சுக்குப் போனார்.
பத்து மணிக்கு பொலிசில் இருந்து போன்:
"ரெண்டு சீனாக்காரர்தானே?"
"இல்லை ஐயா. ரெண்டு படிவம்."

ஃபிரிட்ஜ் கதவில், தான் எடுத்த முட்டைகளுக்கு
பென்சிலால் அவர் கணக்கு வைத்திருந்தார்.
நாலு கோடு. அடி இல்லாத எழுத்து.
நாலுக்கும் காசு மேசையில், சில்லறையாய்.
லின் வந்தாள், ஒரு முட்டை எடுத்தாள்,
யோசிக்காமல் கீழ்க்கோட்டை இழுத்துவிட்டு
களப்புக்குப் போய்விட்டாள்.

நான் அழிக்கவில்லை.
ஒரு முட்டைக் காசு இன்னும் வரவேண்டும்.