முட்டைக் கணக்கு

கானாடுகாத்தானில் என் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு
நிழல் கிடையாது. பெயர் உண்டு: கைடு சிக்கந்தர் ஸ்டாப்.
ஐந்து வீடு, ஓர் ஊருணி,
ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றும் கொட்டகை,
திரும்பும் வழியில் செட்டிநாடு ரயில் நிலையம்.
எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்.
வெயிலுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

முதலில் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.
சவரம் செய்த கன்னம்போல் வழுக்கும்.
சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு.
எத்தனை முட்டை என்பார்கள்.
மதுரைக்காரர்களுக்குப் பத்தாயிரம்.
பெங்களூர்க் குடும்பத்துக்கு நாற்பதாயிரம்.
பிரெஞ்சுக்காரர் ஒருவர் குறிப்பேட்டைத் திறந்ததும்
வாய் தவறி ஒரு லட்சம் விழுந்துவிட்டது.
மஞ்சள் கருவை என்ன செய்தார்கள் என்று
இந்தப் பதினோரு வருஷத்தில்
ஒருவரும் கேட்டதில்லை,

இனெஸ் கேட்கும் வரை.

கோர்தோபாக்காரி. பல் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுகிறவள்.
பதிலுக்கு வளவுக்குள் கூட்டிப்போனேன்.
பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி.
"அன்றைக்குக் கப்பலில் உலகம் வந்தது,
இன்றைக்கு ஆட்டோவில் நீங்கள் வந்திருக்கிறீர்கள்."
எல்லாரும் சிரிக்கும் இடம் இது.
அவள் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் எண்ணூற்றுச் சொச்சம், என்றாள்.
கைப்பேசியைத் தேய்த்துக் காட்டினாள்.
தூணுக்குப் பின்னால் தூண்,
வளைவுக்கு மேல் வளைவு, சிவப்பும் வெள்ளையுமாய்.
எங்கள் ஊர்க் கோயில் மதிலில் அடிக்கிற பட்டைதான்,
வளைத்து வைத்திருக்கிறார்கள்.
தொழுவதற்குக் கட்டியதாம்.
பிறகு நடுவயிற்றைத் திறந்து
மாதாகோயில் எழுப்பினார்களாம்.

இப்போது அங்கே தொழலாமா?
கேட்டபின்தான் கேட்டது உறைத்தது.

சீட்டு வாங்கிப் பார்க்கலாம், என்றாள்.

கொஞ்ச நேரம் இருவரும் கூரையைப் பார்த்தோம்.

அவள் வீட்டிலும் முற்றம் உண்டாம்.
சுவர் நிறைய நீலத் தொட்டி, சிவப்புப் பூ.
மே மாதம் முற்றங்களுக்குப் போட்டி.
கதவைத் திறந்தே வைக்க வேண்டும்;
தெருமுனை வரை வரிசை நிற்கும்.
ஒருநாள் தலை துவட்டியபடி வெளியே வந்தவளை
யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.
படத்தில் பூக்கள் நன்றாக விழுந்திருந்தன என்றாள்.
அந்தக் கூட்டத்துக்கு ஒதுங்கித்தான்
இந்த ஊருக்கு வந்தாளாம், கேமராவோடு.

மூன்றாம் கட்டில் கடுகு வெடித்தது.
இந்த வீட்டுக்கு நாற்பத்திரண்டு பங்கு.
நாற்பத்தொன்று பொங்கலுக்குக்கூட வருவதில்லை.
மிச்சம் ஒன்று, உண்ணாமலை,
கரண்டியோடு கதவைத் திறந்தார்.
"இது பாக்குற பக்கம் இல்லீங்க."

நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள்
இனெஸ் இரண்டடி பின்னால் போயிருந்தாள்.
கேமராவைப் பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்தாள், சத்தம் வராமல்.
அவ்வளவு மெதுவாக ஒரு சுற்றுலாப் பயணி
எதையும் மூடி நான் பார்த்ததில்லை.

கதவு சாத்தியது. திரும்பவும் ஒரு விரற்கடை திறந்தது.
"முட்டை ஒரு லட்சம்னு சொல்லித் திரியாத சிக்கந்தரு.
வருமான வரிக்காரன் காதுல விழுந்துடப் போவுது."

என்ன சொன்னார், என்றாள் இனெஸ்.

மஞ்சள் கருவையெல்லாம்
கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள்
தின்றார்களாம் என்றேன்.

அவள் நம்பவில்லை.
எழுதி வைத்துக்கொண்டாள்.