பத்தொன்பதரைச் சுற்று

கெமியார்வி. மார்ச். மைனஸ் பதினொன்று.
பதினாறு குளிர்காலத்துச் சாலை உப்பு தின்ற வேன்.
ஸ்டீயரிங் கம்பியின் முனைமூட்டு
நக்கிளை உடும்பாய்ப் பிடித்திருக்கிறது.

ஸ்பிளிட் பின் தொட்டதும் துருவாய் உதிர்ந்தது.
நட்டை முழுக்கக் கழற்றவில்லை,
இரண்டு மரை விட்டுவைத்தேன்.

அடி மேல் அடி.
அம்மியாயிருந்தால் இந்நேரம்
ரஷ்ய எல்லையைத் தாண்டியிருக்கும்.
எதிர்வீட்டு ராய்லி சம்மட்டி கொடுத்தாள்.
"நடுவுல விரலை வைக்காதே."
அவளுக்கு எட்டு விரல்.

சூடு வைத்தேன். ரப்பர் உறை நாறியதுதான் மிச்சம்.
புல்லரைப் பூட்டி
முறுக்கும் மட்டும் முறுக்கிவிட்டு
திட்டவும் மூச்சில்லாமல்
உள்ளே போய்ப் படுத்தேன்.

இரவு இரண்டேகாலுக்கு
டமார்.
நாய் கட்டிலுக்கடியில்.
உள்ளாடையும் பனிபூட்ஸுமாய் ஓடிப்போய்ப் பார்த்தால்
யாரும் தொடாமலே விட்டுவிட்டு
அந்த இரண்டு மரையில் தொங்குகிறது,
புல்லரோடு.

எதிரே விளக்கெரிந்தது.
"வந்துருச்சா?"
கையாட்டினேன். ஜன்னல் சாத்திக்கொண்டது.

குளிரைப் பார்க்காமல் அப்போதே
கம்பியிலிருந்து திருகி எடுத்தேன், எண்ணியபடி.
கராஜ் கதவில் சாக்பீஸால்: பத்தொன்பதரை.
புதியதும் அத்தனை சுற்றே உள்ளே போகவேண்டும்.
இல்லையென்றால் நேர்சாலையிலும் வண்டி
ஏரியைப் பார்த்தே போகும்.