பக்கம் 4117

இரவு இரண்டே காலுக்குக் கணினி
தர மாட்டேன் என்றது.

பள்ளிப்பட்டுப் பால் குளிரூட்டும் நிலையம்.
நகரி மலைப்பக்கம் மின்னல்.
கரண்ட் போய் வந்து, போய் வந்து,
மூன்றாம் முறை வந்தபோது
பக்கம் 4117ஐத் திறக்கச் சொன்னேன்.
எழுதிய அன்று போட்டுவைத்த கூட்டு ஒன்று,
இப்போது கூட்டினால் வேறொன்று.
சாத்திக்கொண்டது.

தாமோதர ராஜுவுக்குக் கோபம். விடிந்தால் பட்டுவாடா.
"ஒரு நம்பர்தானே, இருக்கிறதைக் காட்டச் சொல்லேன்."
இருக்கிறதைக் காட்டினால்
ரெட்டெம்மாவின் எருமைப்பால்
கொழுப்பு ஆறு புள்ளி எட்டு
இரண்டு புள்ளி எட்டு என்று வரலாம்.
ஆறுக்கும் இரண்டுக்கும் நடுவே
உள்ளே ஒரே ஒரு பிட்,
ஒன்று பூஜ்யமாகச் சரிந்தால் போதும்.
அவள் எருமையைத் திட்டுவாள்,
பிண்ணாக்குக் கடைக்காரனைத் திட்டுவாள், தெலுங்கில்.
நான் தமிழில் ரசீது கிழித்துக் கொடுப்பேன்.

வரலாம், அவ்வளவுதான். நான் பார்க்கவில்லை.
பால்மானி தண்ணீர் உண்டு என்று சொல்லும்,
எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லாது.
செக்சமும் அந்த ஜாதிதான்.
கெட்டது என்று தெரியும். எது கெட்டது, தெரியாது.
திருத்தக் கை கிடையாது.

பிஸ்கட் டப்பாவிலிருந்து
செவ்வாய்க்கிழமை நகலை எடுத்தேன்.
அதில் அந்தப் பக்கம் முழுசாக இருந்தது,
கூட்டு ஒத்துப்போனது.
புதன், வியாழன், நான்கு வேளைப் பால்
ரசீதுக் கட்டைகளைப் பிரித்துவைத்து
கண் எரிய அடித்து முடித்தேன்.

ஐந்தரைக்குக் கேன்கள் உருண்டன.
"லெக்க சரிகா உந்தா?" என்றாள் ரெட்டெம்மா.
"உந்தி" என்றேன்.

சொல்லாதது ஒன்று.
செக்சம் இங்கே வந்தது போன தையில்.
அதற்கு முன் ஏழு வருஷம்
எல்லாம் வெறும் நம்பிக்கையில் ஓடியது.
தையில் நான்தான் கட்டளை கொடுத்தேன்.
அது பக்கம் பக்கமாகப் போய்
இருந்ததை இருந்தபடியே கூட்டி
முத்திரை வைத்துவிட்டுத் திரும்பியது.
முன்பே புரண்டுபோன எண் ஏதாவது இருந்தால்
அதற்கும் இப்போது காவல் உண்டு,
ஒரு பிட் அசையாது.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஆடி,
ரெட்டெம்மா, மாதச் சராசரி
மூன்று புள்ளி ஒன்று.
அதற்கு முந்தின மாதம் ஏழு புள்ளி ஒன்று.
ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவேயும்
ஒரே ஒரு பிட்.
அந்த எருமையை ஆவணியில்
புத்தூர்ச் சந்தையில் விற்றுவிட்டாள்.

அந்த வருஷத்து ரசீதுக் கட்டைகளைக் கரையான் தின்றாயிற்று.
அந்தப் பக்கம்
கேட்டதும் திறக்கிறது.